சின்னஞ்சிறு உலகம் – 9: லென்ஸும் பூச்சியும் ஒரே பலகையில்

கேமராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங்கைச் சென்ற வாரம் பார்த்தோம். பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் லெவோன் பிஸ் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள், ஒவ்வொன்றும் 8,000க்கும் மேற்பட்ட படங்களிலிருந்து உருவானவை. நமக்கு ஐம்பது, நூறு போதும். ஆனால் அந்த நூறும் ஆடாமல் விழ வேண்டுமே!

கேனனின் எம்பி-இ 65 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறக்குறைய 700 கிராம். ஐந்து மடங்கு பெரிதாக்க முழுவதும் நீட்டினால், நீளம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எஃப் 2.8இல் தெளிவாகத் தெரியும் ஆழம் 0.05 மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த நிலையில் ஒரு மைக்ரான் அசைந்தால் சென்சாரில் அது ஐந்து மைக்ரான். 45 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலமே சுமார் 4.4 மைக்ரான்தான்.

அசைவில் இரண்டு வகை உண்டு. பூட்டிய பிறகும் ட்ரைபாட் தலை பாரம் தாங்காமல் மெல்ல இறங்குவது ஒன்று. ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அதை ஓரளவு சரிசெய்துவிடும். படம் விழும் அந்த நொடியிலேயே ஏற்படும் அதிர்வு இன்னொன்று. கலங்கிப்போன படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நான் அஞ்சுவது இதற்குத்தான்.

கேமராவின் அடியில் மட்டும் திருகி மாட்டினால், லென்ஸின் பாரம் முழுக்க முன்பக்கம் தொங்கும். லென்ஸோடு வரும் காலரில் மாட்டுங்கள். அப்போதும் ஒரே புள்ளியில் நிற்பதால், தராசுத் தண்டுபோல இரு முனைகளும் ஆடும். காலரையும் கேமராவையும் சேர்த்து ஒரே நீளத் தண்டவாளத்தில் இறுக்குவது நல்லது. இரண்டும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் லென்ஸ் பொருந்தும் வளையத்தில் அழுத்தம் விழும். இடைவெளிக்குத் தகடு வைத்துச் சமன்செய்த பிறகே இறுக்குங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம்.

எங்கே ஆடுகிறது என்று பார்க்க ஓர் எளிய சோதனை. திரையில் பூச்சியின் கண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கிவிட்டு, விரலால் ட்ரைபாட் காலை லேசாகத் தட்டுங்கள். கண்ணின் அறுகோணக் கட்டங்கள் கலைந்து, குழம்பி, மீண்டும் கூடும். அதற்கு எவ்வளவு நேரமாகிறதோ, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். அந்தக் காற்றில் பூச்சியின் உணர்கொம்பு ஆடும். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் வெளிச்சம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகவே நீடிக்கும். இருட்டறையில் அதுவே பாதி அதிர்வைத் தின்றுவிடும்.

வீட்டுக்குள் எடுப்பதென்றால் ட்ரைபாடையே விட்டுவிடுங்கள் என்பேன். ட்ரைபாட் தரையில், பூச்சி மேசையில் என்றிருந்தால் இரண்டும் தனித்தனியாக ஆடும். கேமராவையும் பூச்சியையும் ஒரே கனமான பலகையில் இறுக்கி, அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். தெருவில் லாரி போனாலும் இரண்டும் சேர்ந்தே அசையும். அவற்றுக்கு இடையிலான தூரம் பெரும்பாலும் மாறாது. கனமான லென்ஸை நகர்த்தாமல் பூச்சியை மட்டும் நகர்த்தவும் வழி பிறக்கும். தோட்டத்தில் இப்படிப் பலகை போட முடியாது. அங்கே பூச்சி இருக்கும் காம்பை ஒரு கிளிப்பால் ட்ரைபாட் காலோடு பிணைத்துவிடுங்கள்.