ஒரே பெயர், மூன்று வேலை: ‘ஸ்டாலின்’ குடும்பப் பெயரா, இயற்பெயரா?

மேற்படிப்பு விண்ணப்பப் பாரத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் இருக்கும். நம் மாணவர் அங்கே என்ன எழுதுவார்? பெரும்பாலும் அப்பா பெயரைத்தான். அப்புறம் வெளிநாட்டில் மகளையும் அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள்! இந்தக் குழப்பம் ஏன் வருகிறது? ரஷ்யப் பெயர்களை வைத்துப் பார்ப்போம்.

ரஷ்ய முறை

லெனினின் முழுப்பெயர் விளாதிமிர் இலீச் உல்யானவ்.
1. விளாதிமிர் – இயற்பெயர்
2. இலீச் – இல்யாவின் மகன்
3. உல்யானவ் – குடும்பப் பெயர்

அவர் தங்கை மரியா இல்யினிச்னா உல்யானவா. ‘இல்யினிச்னா’ என்றால் இல்யாவின் மகள். நம்ம அடையாள அட்டையில் வரும் ஏ/எல், ஏ/பி மாதிரிதான். பெண்ணுக்குக் குடும்பப் பெயரின் ஈறும் மாறுவதைக் கவனியுங்கள்.

‘லெனின்’, ‘ஸ்டாலின்’ இரண்டும் குடும்பப் பெயர் இடத்தில் வந்து நின்ற புனைபெயர்கள். ஜார்ஜியரான ஸ்டாலினின் உண்மையான குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. ‘ஸ்டால்’ என்றால் ரஷ்ய மொழியில் எஃகு.

தமிழுக்கு வந்தபோது

1953 மார்ச் 1-இல் கலைஞர் மு. கருணாநிதிக்கு மகன் பிறந்தார். மார்ச் 5-இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் மறைந்தார். அவர் நினைவாகக் குழந்தைக்கு ‘ஸ்டாலின்’ என்று பெயர் வைத்தார் கலைஞர். அங்கே குடும்பப் பெயராக நின்றது, இங்கே இயற்பெயர் ஆனது. முன்னால் உள்ள ‘மு’ தாத்தா முத்துவேலர். ‘க’ அப்பா கருணாநிதி. அடுத்த தலைமுறையில், உதயநிதி ஸ்டாலின் என்னும் பெயரில் அதே சொல் தந்தை பெயர். ஆக, சொல்லைப் பார்த்தால் போதாது. அது நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

படத்தொகுப்பாளர் பீ. லெனின் பெயரும் இப்படித்தான். ‘பீ’ அவர் அப்பா, இயக்குநர் பீம்சிங்.

நம் ஊரில்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் நடக்காதவர் உண்டா? வீ.தி. சம்பந்தன் பெயரில் ‘வீ’ அப்பா வீராசாமி. ‘தி’ யார்? அது இன்னொருவர் பெயரே அல்ல. திருஞானசம்பந்தன் என்ற அவரது சொந்தப் பெயரின் முன்பகுதி. முன்னெழுத்து எல்லாம் அப்பா பெயர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நினைவில் கொள்க

• கட்டுரையில் தமிழரைச் சுருக்கமாகக் குறிக்க இயற்பெயரை எழுதுங்கள்: கருணாநிதி, சம்பந்தன்.
• ரஷ்யரைக் குடும்பப் பெயரால் குறிப்பது வழக்கம்: டால்ஸ்டாய், செகாவ்.
• பாரத்தில் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். ஆனால், ‘என் பெயர் இது, இது என் அப்பா பெயர்’ என்று விளக்கத் தெரிந்திருங்கள். அது நம் மரபு, குறை அல்ல.

வகுப்பறைப் பயிற்சி: உங்கள் பெயரையும் ஒரு சீன நண்பர் பெயரையும் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதுங்கள். குடும்பப் பெயர் யாருக்கு உண்டு? எந்த இடத்தில் வருகிறது?