உங்களுக்குத் தெரியுமா? பம்பரில் விழுந்த முதல் கீறல்

புது வண்டி வந்த பதினோராம் நாள், எங்கள் குடியிருப்பின் பார்க்கிங் தூணில் பின் பம்பரை உரசிவிட்டேன். ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் கோடு. "விடுங்க சார், திருஷ்டி கழிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க" என்றார் வாட்ச்மேன். மறுநாள் வந்த பெயின்டர் துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டுத் தேய்த்தார். முக்கால்வாசி மஞ்சள் துணிக்கு வந்துவிட்டது. தூணுக்கு அடித்திருந்த பெயின்ட்தான் என் வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது! அன்றிலிருந்து அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டுச் சேர்த்தவை இவை.

★ இன்றைய பம்பர் இரும்பு அல்ல. பெரும்பாலும் ரப்பர்த் தன்மை கலந்த பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். கீறல் எவ்வளவு ஆழமானாலும் துரு ஏறாது. கதவில் இரும்பு தெரியும் அளவுக்குக் கீறினால் தள்ளிப்போடக் கூடாது; பம்பர் என்றால் சம்பளத் தேதி வரை காத்திருக்கலாம்.

★ வண்டியின் பளபளப்பு நிறத்தில் இல்லை. நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் 'கிளியர் கோட்' என்ற கண்ணாடி போன்ற பூச்சில் இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியை விடக் குறைவு. லேசான உரசல்கள் இதோடு நின்றுவிடும். கிழிந்த இடத்தில் ஒளி சிதறுவதால்தான் கீறல் வெள்ளையாகத் தெரிகிறது. சோதனை எளிது: கீறலின் மேல் தண்ணீரைத் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை கீறல் மறைந்தால் காயம் மேலோடு, பாலிஷ் போதும். அடுத்து நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் இடறினால் டச்சப் தேவை. கறுப்பாகப் பிளாஸ்டிக்கே எட்டிப் பார்த்தால் பெயின்டரைத் தேட வேண்டியதுதான்.

★ பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சுரண்டிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஒரே இடத்தில் வருடத்துக்கு நாலு முறை போட்டால் சுரண்ட ஒன்றும் மிஞ்சாது.

★ டூத் பேஸ்ட் வைத்தியம் பொய்யல்ல, அதிலும் நுண்ணிய தேய்பொருள் உண்டு. ஆனால் அது பல்லுக்கு அளந்தது. மங்கலான திட்டு விழலாம். தின்னர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

★ பெயின்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக் பகுதியில் காம்பவுண்ட் பட்டால் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். பிறகு அதை எடுப்பது தனி வேலை.

★ ஷோரூமிலிருந்து வந்த வண்டியிலேயே பம்பரின் நிறமும் பக்கத்துத் தகட்டின் நிறமும் ஒரு நூல் வித்தியாசமாகத் தெரிவதுண்டு. இரும்பு உடலை 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றிப் பெயின்டை இறுக வைக்கிறார்கள். அந்தச் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது. எனவே பம்பருக்குத் தனியாக அடித்து, 80 டிகிரி வாக்கில் உலர்த்துகிறார்கள். மெட்டாலிக் நிறங்களில் இந்த வித்தியாசம் கூடுதலாகக் கண்ணில் படும்.

★ 'வெள்ளைக் கலர் டச்சப்' என்று கேட்டு வாங்காதீர்கள். வெள்ளையில் எத்தனையோ வெள்ளை. உங்கள் வண்டியின் பெயின்ட் குறியீடு பானெட்டுக்கு அடியிலோ கதவுத் தூணிலோ ஒரு தகட்டில் இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள்.

★ பாலிப்ரொப்பிலீனில் பெயின்ட் லேசில் ஒட்டாது. அதற்காகத் தொழிற்சாலைகளில் பம்பருக்கு நெருப்புச் சுவாலை காட்டி மேற்பரப்பைப் பதப்படுத்துவதுண்டு. ஷெட்டில் அந்த வேலையைச் செய்வது பிளாஸ்டிக் பிரைமர். அதை விட்டுவிட்டு நேரே கலர் அடித்தால், ஒரு கோடையிலேயே பூச்சு தோல் தோலாக உரியும். இரும்புக்கான சாதாரணப் பட்டியும் வளையும் பிளாஸ்டிக்கில் வெடித்துவிடும். 'பட்டி டிங்கரிங் பார்த்துப் புதுசாக்கிடலாம்' என்பது சினிமாவில் நன்றாக இருக்கும், பம்பர் வேலைக்குக் கொடுக்குமுன் "பிளாஸ்டிக் பிரைமர் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

★ "இன்ஷூரன்ஸ்தான் இருக்கே!" இருக்கிறது. கணக்கையும் போடுவோம். பம்பருக்குப் பெயின்ட் அடிக்க 4,000 ரூபாய் பில் என்று வையுங்கள். மொத்தமாகப் போட்ட பில்லில் கால் பங்கை, அதாவது 1,000 ரூபாயை, பொருள் செலவாக எடுத்து அதில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 500 போயிற்று. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 2,500. அந்த வருடம் க்ளெய்ம் செய்யாமல் இருந்தால், புதுப்பிக்கும்போது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அந்தப் பிரீமியம் 12,000 ஆக இருந்தால் 2,400 மிச்சம். நூறு ரூபாய் லாபத்துக்கு ஒரு க்ளெய்ம்! இதோடு முடியாது. 20, 25, 35, 45, 50 என்று ஏறும் படிக்கட்டில் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஜீரோ டெப் பாலிசியில் தேய்மானம் போகாது. கட்டாயக் கழிவு போகும். பம்பரையே மாற்றும் அளவு அடி என்றால் கணக்கு வேறு. பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரணப் பாலிசியில் பாதி விலை தேய்மானம் என்பதால், அப்போது ஜீரோ டெப் கைகொடுக்கும்.

★ சில புது மாடல்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் ஒளிந்திருக்கிறது. அதற்கு முன்னால் தடிமனாகப் பட்டியோ மெட்டாலிக் பெயின்டோ ஏறினால் அதன் பார்வை மங்கக்கூடும். வேலைக்கு விடுமுன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

★ கீறலுக்குப் பயந்து இரும்புக் கம்பி கார்டு மாட்டுகிறவர்கள் கவனிக்க: 2017 டிசம்பரிலேயே, இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் அதிர்வை வாங்கி நசுங்க வேண்டிய முன்பகுதியை அது வேலை செய்ய விடாது. ஏர்பேக் சென்சார்களையும் குழப்பலாம். எதிரே நடந்து வருபவர் பாடு இன்னும் மோசம்.

★ அம்பாசடர் காலத்துக் குரோம் பம்பரைத் தட்டி நிமிர்த்தினால் போதும், கலர் பொருத்தம் என்ற பேச்சே கிடையாது. வண்டியின் நிறத்திலேயே, இடித்தால் உள்வாங்கித் திரும்பும் பம்பரை 1968ல் அமெரிக்காவின் பாண்டியாக் ஜிடிஓ கொண்டுவந்தது. 1972ல் ஃபிரான்ஸின் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்தது. நம் தலைவலிக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல்.

★ தானே ஆறும் கிளியர் கோட்டும் உண்டு. 2005ல் நிஸான் அறிவித்தது. ரப்பர் போல இழுபடும் பிசின் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பி, மேலோட்டமான கீறல்களை மறைத்துவிடும். தூண் உரசலுக்கெல்லாம் அது மசியாது.

★ புதிதாக அடித்த பம்பருக்கு ஒரு மாதம் வாக்ஸ் போடாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற வேண்டும். என் பம்பரின் மிச்சக் கால்வாசிக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் தாராளமாக வாக்ஸ் போடுகிறேன்.