பல்லுக்குப் போனால் கழுத்தைப் பார்க்கிறார்கள்

மல்லசமுத்திரத்தில் சேலம் பஸ் ஏறினோம், அண்ணன் மகளின் பல்லைக் காட்ட. பதினொரு வயது, மேல்பல் தூக்கல். ஆட்டையாம்பட்டி தாண்டும்போது அவளுக்கு ஒரே கவலை: பல்லுக்கு ஏதாவது மாட்டிவிட்டால் கைமுறுக்கு கடிக்க முடியுமா?

பக்கவாட்டில் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரோ பல்லை விட்டுவிட்டுக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. அவளுக்குப் பல் முன்னே வரவில்லை, கீழ்த்தாடை பின்தங்கிவிட்டது. கழற்றி மாட்டும் பிளேட்டைப் போட்டுத் தாடையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவரலாம். ஆனால் தாடை விறுவிறுவென வளரும் சமயம் பார்த்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சமயத்தைக் காட்டிக்கொடுப்பது கழுத்தெலும்பு.

கழுத்தில் ஏழு எலும்புகள். டாக்டர் பார்ப்பது இரண்டு, மூன்று, நான்கு. சிறு வயதில் மூன்றாவதும் நான்காவதும் ஒருபக்கம் சரிந்த ஆப்புபோல இருக்கும், அடிப்பக்கம் தட்டை. வளர வளர, படுக்கவைத்த செங்கல், பிறகு சதுரம், கடைசியில் நிமிர்த்தி வைத்த செங்கல். இதற்கிடையே அடிப்பக்கம் கவிழ்த்த கொட்டாங்குச்சிபோலக் குழிந்துகொண்டே வரும். இரண்டிலும் மூன்றிலும் குழி விழுந்து, நான்காவதில் இன்னும் விழவில்லையா? அடுத்த ஒரு வருடத்தில் தாடை வேகமெடுக்கும். இந்தப் பிள்ளையின் படத்தில் அப்படித்தான் இருந்தது.

1972-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வேட்டில் லாம்பார்ஸ்கி தொடங்கிவைத்த கணக்கு இது. பாச்செட்டி, ஃப்ராங்கி, மெக்நமாரா மூவரும் 2005-இல் ஆறு கட்டங்களாகச் சீராக்கினார்கள். அதற்கு முன் மணிக்கட்டைத் தனியாகப் படமெடுப்பார்கள். இப்போது அந்த எக்ஸ்ரே மிச்சம். கழுத்தும் தாடையும் ஒன்றையொன்று இழுப்பதில்லை. பருவத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இரண்டுக்கும் பொது, அவ்வளவுதான். ஒரே படத்துக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு கட்டம் சொல்வதும் உண்டு. கடிகாரம்தான்; நொடிமுள் இல்லாதது.

 

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "புள்ள பெரியவளாகட்டும், அப்பறம் பல்லைப் பாத்துக்கலாம்" என்றார். நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் பெண்பிள்ளையின் வளர்ச்சி வேகம் உச்சம் தொடுவது, பெரும்பாலும் பெரியவளாவதற்கு ஒரு வருடம் முன்பு. ஆண்பிள்ளைக்கு அதைவிடச் சுமார் இரண்டு வருடம் தள்ளி. சீரெல்லாம் முடித்துவிட்டுப் போனால், அந்த வேகம் அடங்கத் தொடங்கியிருக்கும்.