ஓட்டமும் பளுவும்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடி முடித்ததும் ஒரு பளு வேலை. இப்படி எட்டு முறை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2018-ல் தொடங்கிய ஹைராக்ஸ் போட்டி இதுதான். கண்காட்சி அரங்குகளுக்குள் நடக்கும் இந்தப் போட்டி, 2025 மே மாதம் மும்பை வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. வடசென்னை இளைஞர்கள் இதில் இறங்க வேண்டும் என்பது என் விருப்பம். காசிமேட்டில் வலை இழுத்துப் பழகிய தோளும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் வீட்டுப் பிள்ளையின் காலும் இதற்கென்றே அமைந்தவை.

"நமக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்ற நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. ஆண்களுக்கான பொதுப் பிரிவில் 152 கிலோ ஸ்லெட்டை (தரையில் சறுக்கும் பளுச் சட்டகம்) 50 மீட்டர் தள்ள வேண்டும். கைக்கு 24 கிலோ வீதம் தூக்கி 200 மீட்டர் நடக்க வேண்டும். கடைசியில் 6 கிலோ பந்தை 100 முறை சுவரில் எறிய வேண்டும். இந்த எடைகளைத் தூக்கிவிடலாம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நாடித்துடிப்பு இறங்காமல் நிற்பதுதான் சோதனை. மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி ஓட்டத்திலேயே போய்விடும். ஆகவே மூன்று மாதமாவது மெதுவான ஓட்டத்தில் தொடங்குங்கள். எடை பிறகு வரட்டும்.

அதற்கும் முன்னால், ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் யாராவது சிறு வயதில் மாரடைப்பால் இறந்திருந்தால், அல்லது ஓடும்போது உங்களுக்கு நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தால், ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பணம் கட்டலாம்.

எங்கே ஓடுவது என்பது நம் பகுதியில் லேசான கேள்வி இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடுபவர், நடப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, ராயபுரம் நிலையங்களின் அளவு தெரியும். காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டிய நாளில் வெளியே ஓடாதீர்கள். கண் எரிந்தாலோ நெடி அடித்தாலோ அப்போதே நிறுத்துங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததை எண்ணூர் மக்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் பிழிந்தால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பது இதன் மருத்துவப் பெயர். தாங்க முடியாத தசைவலி, வீக்கம், டிகாஷன் நிறத்தில் சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். "நேத்து ஒர்க்அவுட் செம" என்று தூங்கிவிடாமல், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் இந்த ஆபத்து கூடும். வலி தெரியாமல் இருக்கப் போட்டிக்கு முன்பே டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போட்டுக்கொள்வதும் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

ஊசி விஷயத்தை மென்று முழுங்க முடியாது. 2025-ல் வடசென்னையைச் சேர்ந்த ஜிம் இளைஞர் ஒருவர் இறந்தபோது, ஸ்டீராய்டு ஊசியால் சிறுநீரகம் செயலிழந்ததாகச் செய்திகள் வந்தன. 'பம்ப்' வரும் என்று விற்கப்படும் மெஃபென்டெர்மின், மயக்க மருந்து கொடுக்கும்போது சரியும் ரத்த அழுத்தத்தை உயர்த்த மருத்துவமனையில் போடும் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்பது குற்றம். யார் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள்; மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள். புரோட்டீன் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பலாம்.

இனி, கையெழுத்து. பதிவு செய்யும்போது 'என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு' என்றொரு படிவம் வரும். கால் பிசகுவது போல விளையாட்டோடு கூடவே வரும் ஆபத்துக்கு அது பொருந்தலாம். வழுக்கும் தரை, உடைந்த கருவி, ஆம்புலன்ஸே இல்லாத அரங்கு என்று அமைப்பாளரின் அலட்சியத்தால் காயம் ஏற்பட்டால் கதை வேறு. நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை முழுவதுமாகப் பறிக்கும் ஒப்பந்தம், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ம் பிரிவுப்படி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அலட்சியம் என்பது சேவைக் குறைபாடுதான். மருத்துவக் குழு உண்டா, நின்ற இதயத்தை மீட்கும் ஏ.இ.டி. கருவி உண்டா, காப்பீடு எவ்வளவு, போட்டி ரத்தானால் பணம் திரும்புமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அமைப்பாளர் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதல் படியாக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். ரசீது, படிவம், மருத்துவச் சீட்டு, சம்பவ இடத்தில் எடுத்த படம் எல்லாம் சாட்சி.

ஆலைத் தொழிலாளிகளுக்கு இன்னொன்று. போட்டியில் அடிபட்டால் அது பணியிட விபத்தாகாது. ஆனாலும் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிகிச்சை கிடைக்கும். தேவையான சந்தா கட்டப்பட்டிருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகவும் வரும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். உங்கள் பெயரில் சந்தா ஏறுகிறதா என்று பயிற்சியைத் தொடங்கும் மாதமே பார்த்துவிடுங்கள்.