கரப்பான் பூச்சிக்கு அரபு மொழியில் என்ன பெயர்?

ஒரு சொல் உயிரைக் காக்கும்!

கரப்பான் பூச்சியை அரபு மொழியில் எப்படிச் சொல்வார்கள், தெரியுமா?

"சர்சூர்"! சிலர் "சுர்சூர்" என்றும் சொல்வார்கள்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பூச்சி கத்துவது போலவே இருக்கிறது அல்லவா? இரவில் கத்தும் சில்வண்டை "இரவு சர்சூர்" என்று அழைப்பார்கள். மூட்டைப் பூச்சிக்கு "பக்" என்று பெயர். எறும்பு, "நம்ல்".

"அரபு நமக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். வக்கீல், அசல், பாக்கி, வசூல் எல்லாம் அரபு மொழியிலிருந்து வந்த சொற்களே!

அக்கரைச் சீமை

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. அரபு நாடுகளில் மாடி மாடியாகக் கட்டிடங்கள் எழும்பின. தமிழ்நாட்டிலிருந்து கொத்தனாரும் வெல்டரும் பிட்டரும் கப்பலேறினார்கள், விமானம் ஏறினார்கள். அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, தமிழக அரசே 1978-ல் ஒரு நிறுவனம் தொடங்கியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்தும் இன்று பலர் அங்கே வேலை செய்கிறார்கள்.

போகிறவர்கள் "தண்ணீர்", "சம்பளம்" என்ற சொற்களை முதலில் கற்கிறார்கள். பூச்சியின் பெயரை யார் கற்கிறார்கள்? ஆனால் ஓட்டல் சமையல் அறையில் சர்சூர் ஓடினால், முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

எமனாகும் மாத்திரை

இதில் பெரிய ஆபத்தும் உண்டு. தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் வீட்டில் மூட்டைப் பூச்சிக்கு வைத்துவிடுகிறார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது விஷ வாயுவைக் கக்கும். வாயு சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் புகும். வளைகுடா நாடுகளில் இப்படித் தூக்கத்திலேயே மாண்டவர்கள் உண்டு. மருந்து வைத்தவர் ஒருவர், மாண்டவர் வேறொருவர்!

ஆகவே இன்னும் இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். "சம்" என்றால் விஷம். "கதர்" என்றால் அபாயம். டப்பாவில் இந்தச் சொற்களைக் கண்டால் தொடாதீர்கள். பக்கத்தில் பூச்சி மருந்து வைத்த பிறகு தலைவலியோ, வாந்தியோ, மூச்சுத் திணறலோ வந்தால் உடனே வெளியே ஓடுங்கள். மற்றவர்களையும் எழுப்புங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் வீட்டில்?

இங்கேயும் சர்சூருக்குக் குறைவில்லை. சிறிய பழுப்பு நிறக் கரப்பானின் ஒரு முட்டைப் பையிலிருந்து 30, 40 குஞ்சுகள் வரும். அதன் கழிவு குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவி வையுங்கள். தொட்டியைத் துடையுங்கள். சாக்கடை வாயை மூடுங்கள். தண்ணீரும் தீனியும் கிடைக்காவிட்டால் பூச்சி பெருகாது.

தாய்மார்களே! அக்கரைக்குப் போகும் மகனுக்கு ஊறுகாய் கட்டிக் கொடுக்கிறீர்கள். அந்தப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். "சர்சூர், சம், கதர்" என்று அதில் எழுதுங்கள். மூன்றே சொற்கள். ஒரு நாள் அவை உங்கள் பிள்ளையைக் காக்கலாம்!