நினைவக மீட்பும் எட்டுமை நெறியும்

கணினியின் நினைவகத்தில் தனக்கென இடம்பெற்று, தன் தரவுகளையும் செயல்களையும் ஒருங்கே தாங்கி நிற்கும் அலகு 'பொருள்' எனப்படும். அதன் இருப்பிடத்தைக் காட்டுவது 'சுட்டி'. இயங்கும் நிரல் நேரே கையாளும் சுட்டிகள் 'வேர்கள்'. வேரில் தொடங்கிச் சுட்டிவழியே சென்றடையத்தக்கது எட்டும் பொருள். அடையவியலாதது எட்டாப் பொருள். எட்டாப் பொருள்கள் அடைத்துக் கிடக்கும் இடத்தை, நிரலர் ஏவாமலே நிரல்மொழி தானாக மீட்டுக்கொள்ளும் ஏற்பாடே நினைவக மீட்பு.

நிரல் இயங்கும்போது நிகழும் நினைவக ஒதுக்கீடு இருவகைப்படும். கடைசியில் வந்தது முதலில் நீங்கும் ஒழுங்குடையது அடுக்கு. வரவிற்கும் நீக்கத்திற்கும் அத்தகைய வரிசை வேண்டாதது குவியல். 1960-இல் வரையறுக்கப்பட்ட அல்கோல் மொழி அடுக்கின் ஒழுங்கைப் பின்பற்றியது. அங்கே ஒரு செயற்கூறு முடிந்ததும் அதன் இடம் தானே விடுபடும். ஆனால், ஓசுலோவிலுள்ள நோர்வே கணிப்பு நடுவத்தில் ஓலே யோகான் தாலும் கிறித்தென் நூகோரும் சிமுலா மொழியை வடித்தபோது அவ்வொழுங்கு போதவில்லை. உலக நடப்புகளைக் கணினிக்குள் நிகழ்த்திப் பார்க்கவென எழுந்த அம்மொழியில், எப்பொருள் முன்னே நீங்கும், எது பின்னே நீங்கும் என வரையறுக்கவியலாது. ஆகவே, குவியலும் அதனை ஒழுங்குறக் காக்கும் மீட்புமுறையும் இன்றியமையாதன ஆயின.

ஓசுலோ நிலத்தடித் தொடர்வண்டியின் மூன்றாம் தடம் முடிவுறும் மோர்டென்சுருட் நிலையத்தைச் சிமுலாவில் அமைப்பதாகக் கொள்வோம். வண்டி ஒரு பொருள். பயணி ஒரு பொருள். வண்டிக்குள் இருக்கும்வரை பயணியை வண்டி சுட்டுகிறது. அவர் இறங்கி வெளியேறியதும் அச்சுட்டல் அறுகிறது. அவருக்கு ஒதுக்கிய இடம் மீட்கத்தக்கதாகிறது.

மீட்கும் முறைகளுள் தலையாயவை இரண்டு. தன்னைச் சுட்டுவன எத்தனை என ஒவ்வொரு பொருளும் கணக்கு வைத்து, அவ்வெண் சுழியானதும் இடத்தை விடுவிப்பது எண்ணல்முறை. வேர்களிலிருந்து சென்று எட்டுவனவற்றுக்கெல்லாம் குறியிட்டு, குறிபெறாதவற்றை நீக்குவது குறியிடல்முறை; இதனை 1960-இல் லிசுப் மொழிக்கென விளக்கியவர் சான் மெக்கார்த்தி. எண்ணலின் சிறப்பு உடனுக்குடன் மீட்பது. அதன் குறை வளையம். சேர்ந்து வந்த பயணியர் இருவர் ஒருவரையொருவர் சுட்டியவாறே வெளியேறினால், வேறெதுவும் அவர்களைச் சுட்டாதபோதும் இருவர் கணக்கிலும் ஒன்று எஞ்சும், இடம் மீளாது. குறியிடலுக்கோ வளையம் தடையன்று. வேரிலிருந்து வழியில்லையெனில் இருவரும் குறிபெறார்.

1965-இல் யூனிவாக் 1107 பொறியில் வழங்கத் தொடங்கிய முதற் சிமுலா, எண்ணலை மேற்கொண்டு, இடம் தீர்ந்துபோகும் நிலைக்கெனக் குறியிடலை இறுதித் துணையாக வைத்திருந்தது. அடுத்து வந்த சிமுலா 67 எண்ணலைக் கைவிட்டது. எட்டும் பொருள்களை ஒருபுறமாக நகர்த்திச் செறித்து, சிதறிய வெற்றிடங்களை ஒரே வெளியாக்கும் முறையைக் கைக்கொண்டது. பொருள்நோக்கு நிரலாக்கத்திற்கு வித்திட்டமைக்காகத் தாலுக்கும் நூகோருக்கும் 2001-ஆம் ஆண்டிற்குரிய தூரிங் விருது வழங்கப்பட்டது.

குறியிடலின் அடிநிலை ஒரு தெளிந்த நெறி. ஒரு பொருள் இனித் தேவைப்படுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டியே முடிவுசெய்ய வல்ல வழிமுறை எதுவும் இல்லை; ஆயினும், அது இப்போது எட்டுமா என்பதை ஐயமற அறியலாம். அறியவியலாத தேவையை விடுத்து, அறியத்தக்க எட்டுமையைப் பற்றிக்கொண்டதால், இம்முறை பயனற்ற ஒன்றைச் சிலபொழுது காத்துவைக்கலாம்; பயன்படக்கூடிய ஒன்றை ஒருபொழுதும் அழிக்காது. வெளியேறிய பயணியின் பெயரை ஏதோவொரு பட்டியலில் நிரலர் விட்டுவைத்தால், அவ்விடம் மீளாமலே கிடக்கும். வேண்டாத சுட்டியை அறுப்பது என்றும் மாந்தர் கடமையே.

வரையறுத்தல், வகைப்படுத்தல், நெறிகாணல் என்னும் மூன்றும் தமிழ் நூலோர்க்குத் தொன்றுதொட்டுப் பழகிய வழிகள். அவ்வழியே சென்றால் கணினியியலின் நுண்மையும் தமிழில் தெளிவுற நிற்கும். ஓசுலோவில் நிரலாக்கம் பயிலும் தமிழ்ச் சிறார்க்கும் இக்கல்வியைத் தமிழில் தர இயலும். தருதல் நம் கடன்.