பெயின்ற் ரின்னைத் திறப்பதற்கு முன்

ஊர்காவற்றுறையில் இருந்து படகேறிப் போனால் வரும் அனலைதீவு ஏறக்குறைய ஐந்து சதுர கிலோமீட்டர் நிலம். தீவுக்குள் போய்வர சைக்கிள் போதும். ஆனால் அந்தச் சைக்கிளுக்கு வேண்டிய ஒவ்வொரு பொருளும் கடல் கடந்துதான் வரவேண்டும். அதனால் ரலி, ஹம்பர், ரட்ஜ் என்று அப்பப்பா காலத்தில் வாங்கிய வண்டிகளை எளிதில் எறிந்துவிடுவதில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து எரிபொருளும் பற்றரியும் கிடைக்காமல் போனபோது யாழ்ப்பாணம் முழுவதையும் சுமந்தவை இந்த வண்டிகள்தான். விறகும் நெல்லும் நோயாளியும் கரியரில் போனார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலியில் செய்தி கேட்டார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது இலங்கை முழுவதுமே பழைய சைக்கிள்களைத் தேடியது.

பழைய இரும்புப் பிறேமை வீட்டிலேயே சுரண்டிப் பெயின்ற் அடிப்பது நம்மிடம் புதிய வேலை அல்ல. ஆனால் தீவில் அடித்த பெயின்ற் ஒரு மாரி கழிவதற்குள் கொப்புளித்துவிடுகிறது என்ற முறைப்பாடும் புதியதல்ல. உடனே பெயின்ற் கம்பனியைத் திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் பெயின்றில் இல்லை, அதற்கு அடியில் நாம் விட்டுவைத்த உப்பில் இருக்கிறது.

ஒரு துளிக்குள் ஒரு மின்கலம்

இரும்பு துருப்பிடிப்பது மின்வேதியியல் தாக்கம். இரும்பின் ஓரிடம் இலத்திரன்களை இழந்து கரைகிறது, அது அனோட்டு. வேறோர் இடத்தில் நீரும் ஒட்சிசனும் அந்த இலத்திரன்களை வாங்கிக்கொள்கின்றன, அது கதோட்டு. இரண்டையும் இணைக்க மின்னைக் கடத்தும் ஈரப்படலம் ஒன்று வேண்டும்.

1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவான்ஸ் இதை மிக எளிதாகக் காட்டினார். துலக்கிய இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீரை நிறங்காட்டியோடு வைத்தார். துளியின் விளிம்பு இளஞ்சிவப்பானது, நடு நீலமானது. காற்றுக்கு அருகில் உள்ள விளிம்பில் ஒட்சிசன் ஏராளம். அது கதோட்டாக நின்று தப்பிக்கொள்கிறது. ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதி அனோட்டாகிக் கரைகிறது.

பிறேமின் திறந்த குழாய்களைவிட மட்கார்ட் கிளிப்பின் கீழும் சீற் கம்பி இறங்கும் வாயிலும் இணைப்புகளின் இடுக்குகளிலும் துரு ஆழமாகப் போவதற்கு இதுவே காரணம். காற்றுப் போகாத ஈர இடுக்குத்தான் முதலில் தின்னப்படுகிறது.

உப்பு இதில் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு தானாகவே காற்றில் இருந்து நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் உள்ள மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே மழை ஒரு சொட்டும் பெய்யாத ஆடி மாதத்திலும், கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற தீவுச் சைக்கிள் நுண்ணிய அளவில் நனைந்தே இருக்கிறது.

இரண்டாவது வேலை இன்னும் மோசம். குளோரைட்டு அயன்கள் துருக்குழியின் அடிக்கு இழுக்கப்பட்டு இரும்புக் குளோரைட்டை உண்டாக்குகின்றன. அது நீரோடு தாக்கமுற்று அமிலம் தருகிறது, அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது, குளோரைட்டு மறுபடி விடுபடுகிறது. எவ்வளவு இரும்பைத் தின்றாலும் உப்பு செலவாவதில்லை. அதை வெளியேற்றாமல் மேலே எதைப் பூசினாலும் அடியில் தாக்கம் தொடரும்.

பாம்பன் முதல் பிறேம் வரை

காற்று உலோகத்தை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதை ஐஎஸ்ஓ 9223 தரநிலை வகுப்புகளாகப் பிரிக்கிறது. வறண்ட, துப்புரவான காற்றுள்ள உள்நாட்டுப் பகுதியில் சாதாரண உருக்குத் தகடு முதலாண்டில் 25 மைக்ரோமீட்டருக்கு மேல் இழக்காது. கடலோரங்களுக்குரிய சி5 வகுப்பில் இழப்பு 80 முதல் 200 மைக்ரோமீட்டர். அதற்கும் மேலான கடுமையான வகுப்பில் 700 வரை போகும். சாதாரண சைக்கிள் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது 1000 மைக்ரோமீட்டரும் கொஞ்சமும். பூச்சில்லாத பிறேம் கடலோரத்தில் எத்தனை வருடம் நிற்கும் என்பதை வாசகரே கணக்கிடலாம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து அரிமானத்தை அளந்து வருகிறது. பக்கத்தில்தான் 1914இல் திறந்த பாம்பன் பாலம். அரிமானம் முக்கிய காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பொலிசிலொக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். பாலமானாலும் பிறேமானாலும் எதிரி ஒன்றே, காக்கும் முறையின் ஒழுங்கும் ஒன்றே: துப்புரவு, அடிப்பூச்சு, மேற்பூச்சு.

காப்பாற்றத் தகுந்ததா?

வேலை தொடங்குமுன் பிறேமை முழுவதும் கழற்றி வெறுமையாக்குங்கள். ஒரு சிறு சுத்தியலால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு வந்தால் நல்ல இடம் கணீரென்றும், உள்ளே தின்ற இடம் மந்தமாகவும் ஒலிக்கும். பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியைக் கூரிய ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சீற் குழாயால் இறங்கும் நீரெல்லாம் அங்கேதான் தேங்கும். ஹாண்டில் குழாய் இணைப்பிலும் முன்கவையின் தலையிலும் மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்தப் பிறேமையோ கவையையோ பெயின்றால் மறைக்கக் கூடாது. ஓடும்போது அது முறிந்தால் விழுவது முகம் குப்புற.

துருவின் தடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு பருமன் கொள்ளும். பார்வைக்குப் பயங்கரமான செதிலின் கீழ் பெரும்பாலும் நல்ல உருக்கு மிஞ்சியிருக்கும்.

சுரண்டுதல்

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசாக்கவோ தீயால் எரித்து உரிக்கவோ கூடாது. தண்ணீர் தொட்டு மண்கடதாசியால் தேய்த்து, கழிவைக் கிணற்றுக்கும் பிள்ளைகளுக்கும் தூரமாக ஒதுக்குங்கள். பழைய பெயின்ற் இறுகப் பற்றியிருக்கும் இடத்தை வெறும் உலோகம் வரை உரிக்க வேண்டியதில்லை. 1950களின் ரலி பிறேம்களுக்குத் தொழிற்சாலையிலேயே எனாமலுக்கு அடியில் பொசுபேற்றுப் பூச்சு கொடுத்தார்கள். 1906இல் பேர்மிங்காமில் தோமஸ் கொஸ்லெற் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது அது. இரும்போடு வேதியியலாகவே பிணைந்த அந்தப் படலத்தை வீட்டில் மறுபடி உண்டாக்குவது கடினம். இருப்பதைக் காப்பதே புத்தி.

துருக்குழிகளுக்குள் மண்கடதாசி போகாது. பனங்கள்ளில் வடித்த வினாகிரி துருவைக் கரைக்கும். புளியில் உள்ள தார்த்தாரிக் அமிலமும் அப்படியே. ஆனால் அமிலத்தைக் குழாய்க்குள் தங்கவிட்டால் மறுநாளே செம்மஞ்சள் துரு பூக்கும். அப்பச்சோடா கரைத்த நீரால் அதை நடுநிலையாக்க வேண்டும். கடைகளில் விற்கும் துரு மாற்றித் திரவங்களில் தனிக் அமிலமோ பொசுபோரிக் அமிலமோ இருக்கும். தனின் துருவோடு சேர்ந்து கருநீலமான இரும்புத் தனேற்றாகிறது. பழைய நாளில் கடுக்காயில் செய்த கறுப்பு மையின் நிறமும் அதுதான். இந்தத் திரவம் மெல்லிய எஞ்சிய துருவைப் பிடித்து நிறுத்தும். தடித்த செதிலையோ உப்பையோ அது ஒன்றும் செய்யாது.

மழைநீரின் வேலை

உப்பை எடுக்க ஒரே வழி நன்னீரால் திரும்பத் திரும்பக் கழுவுவது. தீவில் சிக்கலே இங்குதான். சுண்ணக்கல்லின் மேல் மிதக்கும் நன்னீர் வில்லை மிக மெல்லியது. கணக்குப்படி அதன் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறும். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவிய பிறேமில் உப்பைக் கழுவவில்லை, பூசியிருக்கிறோம். மாரியில் பீலியால் பிடித்து வைத்த மழைநீரே இதற்கு உகந்தது. சூடாக்கிய மழைநீரும் தும்பும் கொண்டு தேய்த்து, வடியவிட்டு, மறுபடி கழுவுங்கள்.

உப்புப் போய்விட்டதா என்று அறியப் பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் போதும். கடைசியாக வடிந்த நீரில் சில துளி விட்டுப் பாருங்கள். பால்போல் வெளுத்தால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது. கழுவப் பயன்படுத்திய மழைநீரையும் அதே சோதனைக்கு உட்படுத்தி ஒப்பிட வேண்டும். உயர்தர மாணவர்களுக்கு இது நல்லதொரு செய்முறை.

ஏன் இவ்வளவு பாடு? எந்தப் பெயின்ற் படலமும் நீராவியை முற்றாகத் தடுப்பதில்லை. அடியில் உப்பிருந்தால் பிரசாரணத்தால் வெளியே இருந்து நீர் உள்ளே இழுபடும். உப்புத் தூவிய மாங்காய்த் துண்டு நீர் விடுவதும் இதே விதியால்தான். படலத்தின் கீழ் சேர்ந்த அந்த நீரே நாம் காணும் கொப்புளம்.

பூச்சுகள்

காய்ந்த பிறேமைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, வெறுங்கையால் தொடாமல் அன்றே அடிப்பூச்சு அடிக்க வேண்டும். வியர்வையிலும் உப்புண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செங்காவிப் பிறைமரில் உள்ளது பெரும்பாலும் இரும்பொட்சைட்டு நிறமி. அது தடுப்பு மட்டுமே. உலோகத்தைக் காப்பது நாகத்தூள் செறிந்த பிறைமர். நாகம் இரும்பைவிட எளிதில் இலத்திரனை இழக்கும் உலோகம். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நாகம் கரையும், இரும்பு நிற்கும். 1824இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கக் கண்ட உத்தி இது. நம் படகுகளின் வெளி இயந்திரத்தில் நீருக்குள் நிற்கும் பகுதியில் பூட்டியிருக்கும் நாகக் கட்டியும் இதற்காகத்தான். ஆனால் நாகப் பிறைமர் வெறும் உலோகத்தைத் தொட்டால்தான் வேலை செய்யும். பழைய பெயின்றின் மேலோ துருவின் மேலோ அடித்தால் காசு வீண். எல்லாவற்றின் மேலும் எப்பொக்சி ஒரு பூச்சு நல்ல தடுப்பு. அது வெயிலில் வெளிறித் தூளாகும் என்பதால் அதன்மேல் எனாமல் கட்டாயம்.

எனாமல் காற்றின் ஒட்சிசனை உறிஞ்சித்தான் இறுகுகிறது. தடிப்பாக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடி பச்சையாக இருந்து சுருங்கும். மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள் விட்டு அடியுங்கள். உலோகத்தின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடவும், ஈரப்பதன் 85 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். ஆகவே விடியப்புறமும் பொழுதுபட்ட பின்னும் வேண்டாம். காலை வெயில் ஏறியபின் நிழலில் அடிப்பது நல்லது. மாரி முடிந்து, சோளகம் எழும்புவதற்கு முன் வரும் பங்குனி, சித்திரை மாதங்களே தீவில் இதற்கு ஏற்ற காலம். சோளகம் பிறந்தால் காயாத பெயின்றில் உப்பும் மணலும் ஒட்டும்.

குழாய்களின் உட்புறத்தை மறந்தால் பட்ட பாடெல்லாம் வீண். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளே ஊற்றிப் பிறேமைப் புரட்டி வடியவிட்டால் அது காற்றில் இறுகிப் படலமாகும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. ஆளி எண்ணெயின் அயடீன் பெறுமானம் 170க்கு மேல், தேங்காய் எண்ணெயினது 10 அளவில். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றலாம் என்பதையும் கவனியுங்கள். விரித்து வெளியே காயவிட வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது

இடப்பக்கப் பெடலும், பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணமும் இடம்புரி மரைகள். உருளும் குண்டுகளின் அழுத்தம் அவற்றைக் கழலவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வழமைபோல் திருப்பி நெரித்தால் மரை அழியும். ரலியின் பெடல் அச்சுக் கிண்ணங்களில் அங்குலத்துக்கு 26 புரி, ஏனைய பிரித்தானிய வண்டிகளில் 24. ரலி 1932இல் ஹம்பரையும் 1943இல் ரட்ஜையும் வாங்கியதால் பின்னாளில் வந்த அவற்றுக்கும் ரலியின் பொருள்களே பொருந்தும். பழைய கிண்ணத்தை எறியாமல் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டுகள் 11, நிறைய கிறீஸ். சீற் கம்பிக்கும் ஒவ்வொரு ஆணியின் மரைக்கும் கிறீஸ் தடவுங்கள்; இடுக்கில் நீர் நுழையாமல் தடுக்க அதைவிட மலிவான மருந்து இல்லை.

பூட்டி முடித்த பிறகும் வேலை உண்டு. படகில் ஏற்றி இறக்கிய அன்று ஒரு செம்பு மழைநீரால் வண்டியைக் கழுவித் துடையுங்கள். கல் பட்டுப் பெயின்ற் உரிந்த இடத்தை வாரக் கணக்கில் விடாமல் தேய்த்து, பிறைமரும் பெயின்றும் தொட்டு வையுங்கள். மிச்சப் பெயின்றை மூடி இறுக்கி அதற்காகவே எடுத்து வையுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் மேற்பூச்சின் தரத்தில் குறையுங்கள், கழுவுவதில் மட்டும் குறைக்காதீர்கள்.